சுவரில் இல்லாத இரண்டாவது வரி

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் சிறுநீர் மாதிரி வாங்கும் ஜன்னலில் பெயிண்டருக்கு ஒரு பிளாஸ்டிக் கப் கொடுத்தார்கள். முந்தின நாள் மாலை ஆறு மணியிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை என்பதற்காகத்தான் அவர் அங்கே வந்திருந்தார்.

"கோடு வரைக்கும் நிரப்பிக் கொண்டாங்க," என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ரப்பர் முத்திரை, முகத்தில் நிம்மதி. காலைக்கடன்கள் எல்லாம் அவருக்கு ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும்.

"வரலைங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு டாக்டர் சொல்லட்டும். டாக்டரைப் பாக்க நம்பர் வேணும். நம்பருக்கு மாதிரி வேணும்."

"மாதிரி வந்தா நான் எதுக்குங்க டாக்டரைப் பாக்கப் போறேன்?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலும். ஜன்னல்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "அதெல்லாம் மேல எடுத்த முடிவு," என்றார்.

பெயிண்டரின் மனைவி துணிக்கடையில் அளந்து கிழிக்கும் வேலை பார்ப்பவள். அளவில் அரை விரற்கடை தவறினாலும் பொறுக்காதவள். புருஷனை விலக்கிவிட்டு ஜன்னலில் தலையை நுழைத்தாள். "சார், இவர் வயிறு கல்லாட்டம் இருக்கு. நீங்களே தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. முத்திரை குத்தத்தான் அதிகாரம்."

பெயிண்டர் கப்போடு கழிப்பறைக்குப் போனார். நின்று பார்த்தார், குந்திப் பார்த்தார், இருமிப் பார்த்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வரும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து சுவர்க்குழாயைத் திறந்துவிட்டார். சுவர்க்குழாயில் தாராளமாக வந்தது. அவருக்குக் கண்ணில் மட்டும் இரண்டு சொட்டு வந்தது. அதற்கு அந்த மருத்துவமனையில் கப் கிடையாது.

இந்த வேதனைக்கு விதை ஏழு மாதத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் விழுந்தது. முன்கூடத்துப் பச்சைச் சுவரில் எழுத்து எழுத வந்தவர், சாரத்தில் கால் வழுக்கி, கீழே குறுக்காகக் கட்டியிருந்த இரும்புக் குழாயின்மேல் இரண்டு காலும் இரண்டு பக்கம் தொங்க உட்கார்ந்தவாக்கில் விழுந்தார். கண்ணில் பொறி பறந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டதால் அவரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் ரத்தம் சொட்டியது. அடிபட்ட இடத்தை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? மனைவியிடம் இடுப்புப் பிடிப்பு என்றார். மூன்று மாதத்தில் சிறுநீர் பிரஷ் நுனியாக மெலிந்தது. பிறகு இரண்டு கிளையாகப் பிரிந்தது. பிறகு முக்கினால்தான் வந்தது. நேற்று நின்றேவிட்டது.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று சொன்னவருக்கு ஒரு நாளாவது நீர்க்கட்டு வந்திருக்காது. வந்திருந்தால் பழமொழியை மாற்றியிருப்பார். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழிக்குச் சிறுநீர்ப்புறவழி என்று பெயர். ஆணுக்கு அது ஒரு சாண் நீளம். பையிலிருந்து கிளம்பியதும் புராஸ்டேட் என்னும் சுரப்பியின் நடுவே மணிக்குள் நூல்போல் போகும். அடுத்து ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய பகுதி. நாம் அடக்கிக்கொண்டு நாகரிகமாக இருப்பதெல்லாம் அங்கே உள்ள தசையின் தயவு. அதற்கடுத்தது குமிழ்ப்பகுதி, சைக்கிள் சீட்டில் நாம் உட்காரும் இடத்துக்கு நேர்மேலே. கடைசியும் நீளமானதுமான பகுதியை எல்லோருக்கும் தெரியும்.

கடவுள் ஒரே குழாயாகத்தான் கொடுத்தார். மருத்துவமனை அதை நான்காகப் பிரித்து நான்கு அறைக்குக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தலைமை டாக்டர், ஒரு பெயர்ப்பலகை, ஒரு ஏசி. விரல் அகலப் பகுதியைப் பார்க்கிறவர் பணியில் மூத்தவர் என்பதால் அவருக்குத்தான் பெரிய அறை. ஒரு அறைக்காரர் இன்னொருவர் எல்லைக்குள் விரல் வைக்க மாட்டார். இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் சேரும் இடத்தில் அடைப்பு இருந்த ஒருவரைப் பதினொரு மாதம் இரண்டு அறைகளும் மாற்றி மாற்றி அனுப்பி, கடைசியில் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். அந்தக் கோப்பில் 'நோயாளி இடம் மாறியதால் நோய் தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறது.

காலிக் கப்போடு திரும்பிய பெயிண்டரைப் பார்த்து ஜன்னல்காரர் மனமிரங்கினார். "முடியலைன்னா சொல்ல வேண்டியதுதானே? அதுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. மாதிரி தர இயலாதோர் பிரிவு. வலது பக்கம் திரும்புங்க."

மனைவி அவரைத் தாங்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பினாள். அவர் கூன் விழுந்தவர்போல் நடந்தார். நிமிர்ந்தால் வயிறு இழுத்தது, குனிந்தால் முட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையைக் கண்டுபிடித்து அதிலேயே நடந்தார்.

அந்தப் பிரிவில் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று இருந்தது. ஓட்டைக்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே ஒரு பெட்டி. நொடிக்கு எத்தனை மில்லி போகிறது என்று பெட்டி கணக்கிட்டுக் கோடு வரையும். பெயிண்டர் உட்கார்ந்தார். இருபது நிமிடம் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. பெட்டி ஒரு கோடும் வரையவில்லை.

"என்ன வந்திருக்கு?" என்று மனைவி திரைக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"பூஜ்யம்," என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். "ஆனா பூஜ்யத்தை மெஷின் எடுத்துக்காது. குறைஞ்சது ஒண்ணு வேணும். ஒண்ணு வந்தா இயலாதோர்னு சீட்டு வரும்."

"ஒண்ணுமே வராதவங்களுக்கு?"

பதிலை இயந்திரமே அச்சடித்துக் கொடுத்தது: *நோயாளி ஒத்துழைக்கவில்லை.*

பெயிண்டர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நாற்பத்தாறு வயதில் அவர் ஒத்துழைக்காத இடம் என்று ஒன்று கிடையாது. கல்யாணம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மாமனாரின் யோசனைகள் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தவர். அவருக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில் நடைவழியாக வந்த அன்றைய பணி டாக்டரம்மாதான் அவரை முதன்முதலாகக் கையால் தொட்டவர். சின்ன வயது, பெரிய பை. சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தொப்புள் வரைக்கும் சிறுநீர்ப்பை ஏறியிருந்தது.

"எப்ப கடைசியா போனீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிம்மா."

"எப்பவாவது கீழ அடிபட்டுச்சா? கால் அகட்டி விழுந்த மாதிரி?"

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துத் தலையாட்டினார். மனைவி, "இடுப்புப் பிடிப்புன்னு சொன்னீங்களே!" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வைத்துக்கொண்டாள்.

"குமிழ்ப்பகுதில தழும்பு விழுந்து சுருங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "கீழ் வழியா டியூப் ஏறாது. தொப்புளுக்குக் கீழ ஊசி போட்டு நேரா பையிலருந்து எடுக்கணும். பத்து நிமிஷ வேலை."

"அப்ப எடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. "ஊசி செட்டு அலமாரில இருக்கு. நோயாளி நம்பரை அடிச்சாத்தான் அலமாரி திறக்கும்."

"நம்பருக்கு?"

"மாதிரி."

"வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

"அடுத்தது ரெண்டரை மணி நேரம். அந்த ரோட்டுல இவரால உக்கார முடியாது. இப்பவே நீர் பின்னால கிட்னிக்குத் தேங்க ஆரம்பிச்சிருக்கும். மத்தியானத்துக்குள்ள எடுத்தாகணும். நான் மேல பேசிப் பாக்கறேன், இருங்க." டாக்டரம்மா ஓடினார். அப்போது மணி பத்து நாற்பது.

மாதிரி வரிசையில் நின்ற ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை. அடிக்கடி போகிறவர். "தங்கச்சி, அந்தக் கப்பை இப்படிக் குடு," என்றார் மெதுவாக. "எனக்கு எப்பவும் மிச்சம்தான்." மூன்று நிமிடத்தில் கோடு வரைக்கும் நிரப்பி, மூடி போட்டு, துடைத்தும் கொடுத்தார். பெற்ற தகப்பன்கூட அந்த நேரத்தில் அவ்வளவு செய்திருக்க மாட்டார்.

ஜன்னல்காரர் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார். "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியும்!" முத்திரை குத்தினார். பிறகு ஒரு பரிசோதனைப் பட்டையை அதில் நனைத்துப் பார்த்து, விசைப்பலகையில் எதையோ தட்டிவிட்டு, "சரி, நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"வீட்டுக்கா?" என்றாள் மனைவி.

"என்ன கோளாறுன்னு எழுதியிருக்கு? சிறுநீர் போகலை. இப்பப் போயிருக்கார், கோடு வரைக்கும். அடைப்பு இல்லை. கணினியே குணம்னு போட்டுடுச்சு. சர்க்கரை மட்டும் கொஞ்சம் அதிகம், இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் மாதிரி ரத்து ஆனது. ரத்துக்கு ஒரு படிவம், அதில் பெரியவரிடமிருந்து சம்மதக் கையெழுத்து, அவர் கழிப்பறையில் இருந்ததால் அவருக்காகக் காத்திருப்பு. எல்லாம் முடிய மணி பதினொன்று இருபது. பெயிண்டர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்விரல்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கியது. ஒருமுறை வாந்தி எடுத்தார். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று யாரோ கேட்டபோது அவர் பார்த்த பார்வையில் அந்த ஆள் பாட்டிலை ஒளித்துக்கொண்டார்.

டாக்டரம்மா கண்காணிப்பாளரை அழைத்துக்கொண்டு வந்தார். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. நல்ல உயரம், வழித்த முகம், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. பெயிண்டரின் தோளில் கை வைத்து, "வலிக்குதா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"முன்னாடியெல்லாம் இங்க என்ன நிலைமை தெரியுமா? நோயாளி வருவார். டாக்டர் பாப்பார். நோயாளி குணமாகிப் போயிடுவார். அவ்வளவுதான்! வந்ததுக்கும் தடயம் இல்லை, போனதுக்கும் தடயம் இல்லை. ஒரு நிறுவனம் இப்படி நடக்கலாமா? இப்பப் பாருங்க, பின்னால குளிர் அறையில நாலாயிரம் மாதிரி இருக்கு. ஆளே இல்லாட்டியும் மாதிரி இருக்கு. இன்னொண்ணு பெருமையாச் சொல்றேன். இந்த விதி வந்ததுலருந்து மாதிரி குடுக்காம இங்க ஒருத்தர் செத்ததில்லை. செத்தவங்க அத்தனை பேரும் மாதிரி குடுத்தவங்க."

"சார், இவர் மாதிரி குடுக்காமலே செத்துடுவார்," என்றார் டாக்டரம்மா.

"அதைத்தான் நான் அனுமதிக்க மாட்டேன்கறேன்," என்றார் கண்காணிப்பாளர்.

"விதியில விலக்கு எதுவும் இல்லையா சார்?"

"இருந்தா நான் ஒரு நிமிஷம் நிப்பேனா? விதியோட மூலக் கடுதாசி அறை மாத்தினப்ப தொலைஞ்சு போச்சு. நல்ல வேளை, சுவர்ல எழுதி வெச்சிருந்தோம். சுவரைப் படம் எடுத்து, அதுல கையெழுத்துப் போட்டு முத்திரை வெச்சு, அதைத்தான் எல்லாப் பிரிவுக்கும் விதியாக் குடுத்திருக்கோம். சுவர்ல இருக்கறதுதான் விதி. நீங்களே படிச்சுப் பாருங்க." முன்கூடத்துப் பச்சைச் சுவரைக் காட்டினார்.

காலையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் முதன்முறையாகத் தலையைத் தூக்கினார். பச்சைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, அரைச் சாண் அளவில், வெள்ளை எழுத்து: *மாதிரி கொடுத்த பிறகே மருத்துவம்.* அழகான எழுத்து. அதன் வளைவுகள் அவருக்குத் தெரியும். அவர் கைதான். அதற்குக் கீழே பென்சிலால் இழுத்த இரண்டு கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கோட்டுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

"சார்," என்றார் பெயிண்டர். "இதுக்குக் கீழ இன்னொரு வரி உண்டு சார்."

"எங்க?"

"துண்டுச் சீட்டுல குடுத்தாங்க. ரெண்டு வரி. முதல் வரியை முடிச்சுட்டு ரெண்டாவதுக்குக் கோடு போட்டேன். அப்பத்தான் விழுந்தேன். அவசர நோயாளிகளுக்கு இது பொருந்தாது. அதான் சார் ரெண்டாவது வரி."

ஏழு மாதமாக அந்த மருத்துவமனை, ஒரு பெயிண்டர் எந்த இடத்தில் வழுக்கினாரோ அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்காணிப்பாளர் மட்டும் அசையவில்லை. "சுவர்ல இருக்கா?"

"இல்ல சார். அதான் நான் விழுந்துட்டேனே."

"சுவர்ல இல்லாதது எப்படிங்க விதியாகும்? நாளைக்கு இன்னொருத்தர் வந்து, மூணாவது வரி ஒண்ணு இருந்துச்சு, எல்லாருக்கும் இலவசமா கண்ணாடின்னு சொல்லுவார்."

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "சுவர்ல இருந்தா வைத்தியம் பாப்பீங்களா?"

"அந்த நிமிஷமே. என் கையால அலமாரியைத் திறப்பேன்."

"என்னங்க," என்றாள் அவள் புருஷனைப் பார்த்து. "உங்களால ஏற முடியுமா?"

இதற்குள் கண்காணிப்பாளர் உதவியாளரை அனுப்பிச் சுவர்க்கோப்பை வரவழைத்திருந்தார். அதில் தெளிவாக இருந்தது: *எழுத்துப் பணி, இரண்டு வரி. ஒரு வரி முடிந்தது. பெயிண்டர் விழுந்தார். பணி நிலுவை.* கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. நிலுவைக் கோப்பு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. "அடடே, நீங்கதானா அந்தப் பெயிண்டர்! ஏழு மாசமாத் தேடிட்டிருக்கோம். உக்காருங்க, உக்காருங்க. ஏன் நிக்கறீங்க?"

அதன்பிறகு நடந்ததைப் பெயிண்டர் பல நாள் நம்பாமல் நினைத்துப் பார்ப்பார். நோயாளியாக வந்தவருக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு காலிக் கப் கிடைத்தது. பெயிண்டராக மாறியவருக்கு ஐந்து நிமிடத்தில் ஏணி வந்தது, வெள்ளை எனாமல் வந்தது, இரண்டு அளவில் பிரஷ் வந்தது, ஏணியைப் பிடிக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். பாதுகாப்புத் தொப்பி போடாமல் ஏறக் கூடாது என்று ஜன்னல்காரரே வெளியே வந்து தொப்பி மாட்டிவிட்டார். "பாத்து ஏறுங்க, உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று கண்காணிப்பாளர் பதறினார்.

மணி பதினொன்று ஐம்பது. பெயிண்டர் முதல் படியில் கால் வைத்தார்.

ஒவ்வொரு படிக்கும் தொடையைத் தூக்கும்போது அடிவயிற்றில் கத்தி இறங்கியது. நான்காம் படியில் கண் இருட்டியது. ஏணியை அணைத்துக்கொண்டு நின்றார். கீழே அந்த இரும்புக் குழாய் இப்போது இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் கால் நம்பவில்லை. மனைவி ஏணி பிடித்த ஆளைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன். மேல பாருங்க, கீழ பாக்காதீங்க," என்றாள். பிறகு, "இடுப்புப் பிடிப்பாம், இடுப்புப் பிடிப்பு," என்று முணுமுணுத்தாள்.

பதினெட்டு எழுத்து. பிரஷைத் தோய்த்து டப்பா விளிம்பில் வழித்து அகரத்தின் முதல் சுழியைப் போட்டார். ஆச்சரியம், கை நடுங்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது, மணிக்கட்டு மட்டும் தன் தொழிலைப் பார்த்தது. 'அவசர' முடிந்ததும் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். 'நோயாளிகளுக்கு' எழுத எட்டு நிமிடம் ஆனது. கீழே கூடியிருந்த நோயாளிகள், கையில் கப்போடு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்கள். சர்க்கரைப் பெரியவர் முன்னால் நின்று, "இன்னும் ரெண்டு சொல்லுதான் தம்பி, விட்டுடாதே!" என்றார். அந்தக் கூடத்தில் அன்று எல்லோருக்கும் வேண்டியவராகப் பெயிண்டர் ஆகிவிட்டிருந்தார்.

கடைசி எழுத்தை முடித்து இறங்கியதும் தரையில் சரிந்தார். டாக்டரம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் தாங்கினார்கள். "அலமாரி, சார்!" என்று டாக்டரம்மா கத்தினார்.

கண்காணிப்பாளர் சுவரருகே போய் எம்பி, கடைசி எழுத்தின் அடியை விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"ஈரம்," என்றார்.

"சார்?"

"காயாத எழுத்து அழியக்கூடியது. அழியக்கூடிய விதியை அமல்படுத்த முடியுமா? காய எவ்வளவு நேரம் ஆகும்?"

பெயிண்டர் தரையில் கிடந்தபடி, பொய் சொல்லத் தெரியாத பாவத்துக்கு, "எனாமல் சார். ஆறு மணி நேரம்," என்றார்.

மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஆறு மணி நேரத்துல என் புருஷன் காஞ்சு போயிடுவாருய்யா!"

டாக்டரம்மா கைப்பேசியை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். "சார், எல்லாப் பிரிவுக்கும் விதியாப் போனது சுவரா, படமா?"

"படம்தான். கையெழுத்துப் போட்ட படம்."

"இந்தப் படத்தைத் தொட்டுப் பாருங்க. ஈரமா இருக்கா?"

கண்காணிப்பாளர் கைப்பேசியின் கண்ணாடியை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். மறுபடி தடவினார். அவர் முகத்தில் தெளிவு பிறந்தது. ஒரு வழி கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். "காய்ஞ்சிருக்கு," என்றார். "பிரிண்ட் எடுங்க."

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் படம் அச்சாகி வந்தது. நீலப் பேனாவால் கையெழுத்து, பச்சைப் பேனாவால் தேதி. அலமாரி திறந்தது. டாக்டரம்மா தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய ஊசியை இறக்கி, மெல்லிய குழாயைச் செருகினார். வெளியே மாட்டிய பிளாஸ்டிக் பையில் நீர் விழும் சத்தம் கேட்டது. பெயிண்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய்விட்டு அழுதார். மனைவியும் அழுதாள். ஆயிரத்து அறுநூறு மில்லி என்று டாக்டரம்மா படித்துச் சொன்னபோது, துணிக்கடை வழக்கத்தில், "நல்லா அளந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

முதலில் வந்த நீரில் கொஞ்சத்தை ஒருவர் கப்பில் பிடித்து ஜன்னலுக்கு எடுத்துப் போனார். ஜன்னல்காரர் கோட்டைச் சரிபார்த்து முத்திரை குத்தினார்: *மாதிரி பெறப்பட்டது. நோயாளி ஒத்துழைத்தார்.*

குமிழ் அறையில் ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. தழும்பை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். அங்கேயும் ஒரு தகராறு. வெட்டும்போது கத்தி பக்கத்து அறையின் எல்லைக்குள் ஒரு நூல் அளவு போய்விட்டது என்று கடிதம் வந்ததாம். பெயிண்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வீட்டுக்குப் போன பிறகு முதன்முதலாகச் சுவரோரம் நின்று தடையில்லாமல் போனபோது, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்து, பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

நான்கு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. எழுத்து வேலை. பெயிண்டர் பிரஷ்களை எடுத்துக்கொண்டு போனார்.

கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "உங்க ரெண்டாவது வரி வந்ததுலருந்து ஒரே தொல்லை," என்றார். "வர்றவன் எல்லாம் அவசரம்கறான். அவசரம்னா டாக்டருங்க பாத்துடறாங்க. குளிர் அறை பாதி காலி. அதனால ஒரு விளக்கம் சேக்கப் போறோம்." துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் மூன்றாவது வரி இருந்தது: *அவசரமா என்பது மாதிரியைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்யப்படும்.*

பெயிண்டர் இரண்டு முறை படித்தார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். ஏணி தயாராக இருந்தது. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கால்விரல்களை மடக்கி, தரையையே பார்த்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு காலிக் கப்.

ஏணியில் இரண்டு படி ஏறினார். பிரஷைத் தோய்த்தார். பிறகு, இரண்டு காலையும் சேர்த்து, நிதானமாகத் தரையில் குதித்தார்.

"விழுந்துட்டேன் சார்," என்றார்.

கண்காணிப்பாளர் திடுக்கிட்டார். "எங்கய்யா விழுந்தீங்க? குதிச்சீங்க! நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

"விழுந்துட்டேன் சார். நெஞ்செல்லாம் படபடங்குது. இனி ஏற முடியாது. போன தடவை நான் விழுந்தப்ப என்ன செஞ்சீங்கன்னு கோப்புல பாருங்க."

கோப்பு வந்தது. கண்காணிப்பாளர் புரட்டினார். முன்னுதாரணம் தெளிவாக இருந்தது. பெயிண்டர் விழுந்தால் வரி எழுதப்படவில்லை, வரி எழுதப்படவில்லை என்றால் விதி இல்லை. அவர் கறுப்புப் பேனாவைத் திறந்து பெருமூச்சோடு எழுதினார்: *மூன்றாவது வரி. பெயிண்டர் விழுந்தார். பணி நிலுவை.*

பெயிண்டர் பிரஷைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். குனிந்திருந்தவரின் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கப்பைக் கீழ வைங்க. தலையைத் தூக்கி மேல பாருங்க. ரெண்டாவது வரி. அதை ஜன்னல்ல போய்ச் சத்தமாப் படிங்க, நானும் கூட வர்றேன்."